சாவிக்கா

எங்கள் வீட்டு வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பது நான் ஒருத்திதான். மற்றவர்கள் கழற்றிய வேகத்தில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ஒன்று படியில் கிடக்கும், இன்னொன்று கவிழ்ந்து கிடக்கும். யாரும் சொல்லி நான் இதைச் செய்வதில்லை. செய்கிறேன் என்று யாரும் கவனித்ததும் இல்லை. நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் கேட்டீர்களே மேடம், அதனால் சொல்கிறேன். நான் இப்படிப்பட்ட ஆள்.

என் வேலையும் ஏறக்குறைய இதுதான். மருத்துவமனைகளில் படுத்திருப்பவர்களின் கையில் ஊசி குத்தி, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மணிக்கு எவ்வளவு மருந்து உள்ளே போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து ஏற்றுகிற பம்ப் அது. அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற நிரலை, அதாவது புரோகிராமை, எழுதுவது எங்கள் கம்பெனி. எழுதிய நிரல் எல்லாம் பொதுவான ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். ரெப்போ என்போம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ரெப்போ. யார் உள்ளே வரலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் மாற்றலாம், யார் சரி சொன்னால் மாற்றம் சேரும் என்பதையெல்லாம் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து நான்தான் பார்த்துவந்தேன். அதனால் எனக்கு ஆபீஸில் சாவிக்கா என்று பெயர். என்னைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முதலில் என் இருக்கைக்குத்தான் வருவார். குழு மாறினாலும் வருவார். சும்மா வரமாட்டார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்கதை ஒன்றிரண்டு சொல்லிவிட்டு, "அக்கா, கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்பார்கள். நான் உடனே திறக்கமாட்டேன். எதற்கு என்று கேட்பேன். அவர்கள் விளக்குவார்கள். அதற்குள் காபி வந்துவிடும். கம்பெனியில் யாருக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, யாருக்கு அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

இனி என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கொழுந்தனின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். கீழே நானும் என் கணவரும் மகளும், மாடியில் அவர்கள் இருவரும். அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு கீழே. சமையல் ஒன்றுதான். அவள் கல்யாணமாகி வந்தபோது வேலையில்லாமல் இருந்தாள். நிரல் எழுதப் படித்தவள், ஆனால் இரண்டு நேர்காணலில் கைநழுவிப் போயிருந்தது. பெரிய மேனேஜரிடம் அவளைப் பற்றிச் சொன்னது நான்தான். அவள் அதை எந்நாளும் மறக்கவில்லை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "அக்காதான் என்னை இங்க கொண்டுவந்தாங்க" என்பாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவளிடம் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு முழங்காலில் வலி. வருடக்கணக்காக டாக்டரிடம் கூட்டிப் போனது நான். எந்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். சின்னவள் வந்த பிறகு ஒருநாள் நான் விடுப்புப் போட்டுத் தயாராகி நின்றபோது அத்தை சொன்னார், "நீ ஆபீஸ்ல பெரிய வேலை பாக்குறவ, உனக்கு எதுக்குச் சிரமம். சின்னது வர்றேன்னு சொல்லிருக்கு." அன்பாகத்தான் சொன்னார். நான் புடவையை மாற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன். என் மகளும் அந்தச் சமயத்தில்தான் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தாள். சித்தி சிரிப்பு மூட்டிச் சொல்லிக்கொடுப்பாளாம். நான் சொல்லிக்கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும், சிரிப்பு மட்டும் இருக்காது.

ஆபீஸில் சின்னவள் மளமளவென்று மேலே வந்தாள். மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதிதான் எங்கள் கம்பெனியின் உயிர்நாடி. அந்தக் குழுவுக்கே அவளைத் தலைவியாக்கினார்கள். நான் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் பெரிய மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு மிகவும் பக்குவமாகப் பேசினார். "நீங்க ஒரு வாரம் லீவு போட்டா நாலு குழு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. இது உங்க தப்பு இல்ல. எல்லாத்தையும் ஒருத்தர் தலையில வச்சது எங்க தப்பு" என்றார். இனிமேல் அந்தந்தக் குழுவின் ரெப்போவுக்கு அந்தந்தக் குழுத் தலைவரே அட்மின். ஆள் சேர்ப்பது, நீக்குவது, விதிகளை மாற்றுவது எல்லாம் அவர்கள் கையில். நான் எல்லாவற்றுக்கும் மேலே, பொதுவாக இருப்பேன். மேலே இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும் மேடம். யாரும் வந்து எதுவும் கேட்கமாட்டார்கள்.

அவர் சொன்னது நியாயம். நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். எங்களிடம் ரிவ்யூ பூட்டு என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்துச் சரி சொல்லாமல், சோதனைகள் எல்லாம் ஓடி முடியாமல், எதுவும் ரெப்போவில் சேராது. அந்தப் பூட்டை மட்டும் என்னிடமே விட்டுவையுங்கள், அவசரத்தில் யாராவது எடுத்துவிட்டால் ஆபத்து என்றேன். குழுத் தலைவர்கள் கூட்டத்திலும் அதையே சொன்னேன். சின்னவள் உடனே, "அக்கா சொல்றது சரிதான்" என்றாள். மற்ற தலைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே, "எங்க மேல இவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் சின்னவளின் குழுவில் நடைமுறைப்படுத்திப் பார்ப்பது என்று முடிவானது. அவள் பெயருக்கு எதிரே அட்மின் என்று டிக் போட்டது நான். அந்தக் கூட்ட அறையில், எல்லோரும் பார்க்க, பெரிய திரையில் போட்டேன். கைதட்டினார்கள். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

அதன்பிறகு என் இருக்கைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்தது. பக்கத்தில் போடுவதற்கென்றே வைத்திருந்த நாற்காலியை ஒருநாள் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் சின்னவளின் மேஜைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்து வீட்டுக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எதற்கு என்று கேட்பதில்லை போலிருக்கிறது. பேச்சு நடக்கும்போதே திறந்துவிட்டு, மீதிக் கதையைக் கேட்டாள். வேலை சீக்கிரம் நடக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார். மற்ற குழுக்களும் எங்களுக்கு எப்போது என்று கேட்க ஆரம்பித்தன.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு விஷயத்தில் ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்த ஒருத்தியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆபத்து இருந்தது உண்மை. அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

விடுமுறை நாள் ஒன்றில், காலை பலகாரம் முடிந்த நேரம். சின்னவள் தன் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்திருந்தாள். அத்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட வேண்டும் என்று எழுந்தவள், என்னிடம் சொன்னாள், "அக்கா, எங்க குழுவுல ஒருத்தருக்கு ரெப்போ திறக்க மாட்டேங்குதாம். எனக்குப் பிடிபடல. கொஞ்சம் பாருங்களேன், பாஸ்வேர்ட் எல்லாம் போட்டே வச்சிருக்கேன்."

பார்த்தேன். ஒரு சின்ன விஷயம், உடனே சரியாகிவிட்டது. லேப்டாப்பை மூடப் போனேன். அப்போது குளியலறையிலிருந்து அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். அத்தை மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார், நிறுத்தினார், மறுபடி சிரித்தார். எத்தனையோ வருடங்கள் நானும் அவருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டிருக்கிறேன். கண்ணில் ஒரு சொட்டுச் சோப்பு விழ விட்டதில்லை. அவர் சிரித்ததாக நினைவில்லை.

ரிவ்யூ பூட்டுக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். உறுதியாகத்தானா என்று திரை கேட்டது. ஆம் என்றேன். அவளுடைய லேப்டாப், அவளுடைய பெயர். செய்தது அவள் என்றுதான் பதிவாகும். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, தலை துவட்ட நல்ல துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் எண்ணத்தில் தப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏதாவது சின்னதாக ஒன்று நடக்கும், யாரும் பார்த்துத் திருத்தாத நிரல் ஒன்று உள்ளே போய் ஒரு திரை கோணலாகத் தெரியும், அவள் பதறுவாள், என்னிடம் வருவாள், நான் சரி செய்து கொடுப்பேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒருவருக்கு உதவி செய்ய வேண்டுமென்றால் அவருக்கு உதவி தேவைப்பட வேண்டும் இல்லையா.

பூட்டு இல்லை என்பதை அவள் குழுவில் ஒருவர் மட்டும் சீக்கிரமே உணர்ந்தார். தடித்த கண்ணாடி போட்டவர், எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். தான் எழுதியது யாரும் பார்க்காமலே சேர்கிறதே என்று யோசித்தாராம். வேலை வேகமாக நடக்கட்டும் என்று தலைவியே எடுத்துவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாராம். மனதுக்குள் நன்றிகூடச் சொன்னாராம். இதெல்லாம் பின்னால் அவரே அழுதுகொண்டு சொன்னது.

நான் தினமும் காலையில் அவர்களுடைய ரெப்போவில் புதிதாகச் சேர்ந்தவற்றைப் படித்துவிடுவேன். மற்றவர்கள் பேப்பர் படிப்பது மாதிரி. கண்ணாடிக்காரர் எழுதிய மாற்றம் ஒன்றை அப்படித்தான் பார்த்தேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் நோயாளியின் எடையைத் திருத்தினால், பம்ப் பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதுக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதியபடி பழையதை விடாது. இரண்டையும் கூட்டிக்கொள்ளும். மருந்து இரண்டு மடங்காகப் போகும். ஒரே வாசிப்பில் எனக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, கதவைத் திறந்து மூடத்தான் தெரியும் என்று நினைக்கிறவர்கள் அங்கே உண்டு.

யாரிடமும் சொல்லவில்லை. நிரலை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் குழு கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தேன். அவர்களோ ரிவ்யூவும் சோதனையும் முடியாமல் எதுவும் தங்களிடம் வராது என்ற நம்பிக்கையில், மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் மாற்றங்களை முதலில் ஏற்றிப் பார்க்கும் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தது.

முதலில் ஒரு பெண்மணி. ஓய்வுபெற்ற டீச்சர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலிக்காக மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது மூச்சு தடுமாறியிருக்கிறது. பக்கத்தில் நின்ற நர்ஸ் சமயத்தில் பார்த்து பம்ப்பை நிறுத்திவிட்டாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நர்ஸ்தான் எண்ணைத் தவறாக அழுத்திவிட்டாள் என்று மருத்துவமனையில் முடிவு செய்து, அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எங்கள் ஆபீஸுக்கு வந்த சேதி அவ்வளவுதான். சாப்பாட்டு இடைவேளையில் யாரோ சொன்னார்கள். "பாவம், வேலைப்பளுவா இருந்திருக்கும்" என்றாள் சின்னவள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நன்றாக யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தேன். பழி நர்ஸ் மேல் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் விஷயம் அப்படியே கலைந்துபோயிருக்கும். நிரலை அமைதியாகத் திருத்திவிட்டு, நல்ல வேளை என்று எல்லோரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பூட்டு யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழுந்திருக்காது. கொஞ்சம் பொறுத்தால் அது வரவேண்டிய இடத்துக்கு வந்து சேரும் என்று எனக்குத் தெரியும்.

வந்து சேர்ந்தது. அடுத்தவர் ஒரு பஸ் டிரைவர். பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். சாதாரண அறுவைச் சிகிச்சை. மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அவர் மனைவி மாற்றுச் சட்டை எடுத்துவரப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

இந்த முறை பம்ப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். எங்கள் நிரலுக்கு வந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு வந்தார்கள். பூட்டை எடுத்தது யார் என்று பார்த்தார்கள். சின்னவளின் பெயர் இருந்தது.

அன்று மாலை வீட்டில் அவள் என் அறைக்கு வந்தாள். கதவருகே நின்றாள். "அக்கா, நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல" என்றாள்.  பிறகு, "எடுத்திருப்பேனோ? அந்த வாரம் பூரா வேலை தலைக்கு மேல இருந்துச்சு. எதையாவது தட்டிட்டேனோ என்னவோ, எனக்கே தெரியலையேக்கா" என்றாள்.

நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நடந்தது நடந்துவிட்டது, மனதைத் தளரவிடாதே என்றேன். தலையைத் தடவிக்கொடுத்தேன். நான் வேறெதுவும் சொல்லவில்லை. எடுத்தாய் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் நன்றாக இருந்தன. உள்ளதைச் சொல்கிறேன். மேனேஜர் என் இருக்கைக்கே வந்தார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல" என்றார். எல்லா ரெப்போவின் அட்மின் அனுமதியும் திரும்ப என்னிடம் வந்தது. நாற்காலியும் வந்தது. நான் கேட்கவில்லை, அவர்களாகவே கொண்டுவந்து போட்டார்கள். வீட்டில் சின்னவள் படுத்த படுக்கையானாள். அத்தையை டாக்டரிடம் நான் கூட்டிப் போனேன். மகள் நோட்டுப் புத்தகங்களோடு கீழே இறங்கி வந்தாள். சின்னவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதும் நான்தான். ஒரு கவளம் உள்ளே போக வெகுநேரம் ஆகும். நான் பொறுமையாக உட்கார்ந்திருப்பேன். அவளை அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

அப்படியே இருந்திருக்கலாம். நான் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மாறியது எப்போது என்றால், சின்னவள் எழுந்து உட்கார்ந்த பிறகு. விசாரணைக்குப் போனாள். நான் செய்ததாக நினைவில்லை, ஆனால் குழுத் தலைவி நான், என் கண்காணிப்பில் நடந்தது, பொறுப்பு என்னுடையது, கண்ணாடிக்காரரை விட்டுவிடுங்கள், அந்த நர்ஸைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆபீஸ் முழுவதும் அதே பேச்சு. இப்படி ஒரு தலைவி கிடைப்பாளா என்று கண்ணாடிக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொன்னார். அத்தை என் அறைக்குப் பக்கத்தில் இருந்த தன் கட்டிலை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு மாடியேறிப்போய் அவளோடு படுக்க ஆரம்பித்தார். அதிகம் பேசாத என் கணவர்கூட ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார். நான் குழம்பு ஊற்றினேன்.

கடைசியாக டிரைவரின் மனைவி வந்தாள். எங்கள் வீட்டுக்கே வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சின்னவள் எங்கே என்று கேட்டாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். சின்னவள் அவள் காலருகே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாள் வெகுநேரம் அவளைப் பார்த்தாள்.

"நீயாவது நான்தான்னு சொன்னியேம்மா. மத்தவங்க யாரும் என் முகத்தக்கூடப் பாக்கல" என்றாள்.

பிறகு அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அத்தை அழுதார். என் மகள் அழுதாள். நான் டீ போட்டு எடுத்துவந்தேன். அந்த அம்மாள் தம்ளரை என்னிடமிருந்து வாங்கினாள், நான் யார் என்று கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. ஒருத்தி செய்யாத காரியத்துக்கு அவளுக்கு மன்னிப்பு கிடைக்கிறது. மரியாதை கிடைக்கிறது. என் அத்தை கிடைக்கிறார். நாளைக்கு அவளுக்குத் தண்டனை என்றால், அதுவும் அவளுக்குப் பெருமையாகத்தான் முடியும். பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போவார்கள். என் மகள் சித்திக்குப் படம் வரைந்து அனுப்புவாள். நிரபராதி ஒருத்தி சிறைக்குப் போவதை என் மனசாட்சி ஏற்கவில்லை. அதனால்தான் இன்று காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்தேன்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பூட்டை எடுத்தது நான். கண்ணாடிக்காரரின் தவறை அது சேர்ந்த மறுநாள் காலையே பார்த்தது நான். டீச்சருக்கு நடந்ததைக் கேட்ட பிறகும் சொல்லாமல் இருந்தது நான். டிரைவர் செத்தது என்னால்.

வெளியே சின்னவள் வந்திருக்கிறாள் என்று உங்கள் காவலர் சொன்னார். அக்கா என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று அழுகிறாளாம். அவள் பேச்சைக் கேட்டு நம்பிவிடாதீர்கள் மேடம். அந்தப் பூட்டு எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் இருக்கிறது என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாது. இவ்வளவு தூரம் யோசித்து ஒரு காரியத்தைச் செய்ய அவளால் ஒருநாளும் முடியாது.